ஏசி பொருத்திய பழைய பத்மினி ஏற்காட்டு மலையில் கொதித்தது: வீட்டிலேயே செய்த குளிரூட்டல் மேம்பாடு – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி 1980-களின் நடுவில் வாங்கிய பிரீமியர் பத்மினி. 2023 அக்டோபர் வரை மும்பையில் கறுப்பு-மஞ்சள் டாக்ஸியாக ஓடிய அதே ரகம். 1089 சிசி, நான்கு சிலிண்டர், இரும்பு பிளாக் (எஞ்சினின் உடல்), அதன் மேல் மூடியாக அலுமினிய ஹெட். அலுமினிய ஹெட் என்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறிச் சூடானால் முதலில் கோணிப்போவது அதுதான்.

உரிமையாளர் சேலத்துக்காரர், ஓய்வுபெற்ற அரசு ஊழியர். வண்டி அவருடைய அப்பா வாங்கியது, விற்க மனமில்லை. மகன் வெளியூரில் வேலையில் இருக்கிறார், விடுமுறைக்கு வந்தால் ஸ்பேனரும் கையுமாக வண்டியோடுதான் இருப்பார். நான் இவர்களுக்குப் பக்கத்துத் தெரு. பாலிடெக்னிக் பட்டறையில் வேலை பார்த்தவன். இந்த வேலையில் அளவெடுப்பதும் குறிப்பு எழுதுவதும் என் பொறுப்பாக இருந்தது. ஸ்பேனர் பிடித்தது பெரும்பாலும் அப்பாவும் மகனும்.

கோளாறு தொடங்குவதற்கு முன்பு வண்டியில் மூன்று மாற்றங்கள் நடந்திருந்தன. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே சின்ன விஷயம். முதலாவது, பல வருடங்களுக்கு முன்பே ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை, அதாவது எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வை, கழற்றிவிட்டார். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்று கேட்டாராம். இரண்டாவது, ரேடியேட்டருக்கான குளிரூட்டும் திரவமான கூலன்ட் ஊற்றுவதை நிறுத்திவிட்டு வீட்டு போர் தண்ணீரையே ஊற்றி வந்தார்கள். மூன்றாவது, வயதான அம்மாவுக்காக ஏசி பொருத்தினார்கள். ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு நேர் முன்னால் உட்கார்ந்தது.

ஏசி வந்த பிறகுதான் புகார் தொடங்கியது. ஐந்து ரோடு சிக்னலில் நாலு நிமிடம் நின்றால் எஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டர் முள் ஏறும். சங்ககிரி பக்கம் நெடுஞ்சாலையில் ஏறி வேகம் பிடித்தால் தானாக இறங்கும். ஓடினால் இறங்குகிறதே என்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இருந்தார்கள்.

மலையில் நடந்தது

மே மாதம், நல்ல வெயில். நான்கு பேர், ஏசி ஓடுகிறது. ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியதும் பானட் ஓரத்திலிருந்து ஆவி கிளம்பியது. மீட்டர் முள் அப்போதும் சிவப்புக் கோட்டைத் தொடவில்லை. உரிமையாளர் வண்டியை ஓரம் கட்டி, கல் முட்டு வைத்து, பானட்டைத் திறந்தார்.

பின்னால் வந்த சுற்றுலா வேன் ஓட்டுநர் உதவிக்கு வந்தார். நல்ல மனசுதான். ஈரத் துண்டை ரேடியேட்டர் மூடி மேல் போட்டு ஒரு திருகு திருகினார். மூடி பறக்க, கொதிநீர் பக்கத்தில் நின்ற உரிமையாளரின் முன்கையில் அடித்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரை உடனே கைமேல் தொடர்ந்து ஊற்றினார்கள். கொப்புளம் போட்டது, ஆறப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. துண்டு போட்டுத் திறப்பதைப் பாதுகாப்பு என்று நம்பும் பழக்கம் நம் சாலைகளில் இன்னும் இருக்கிறது. மூடிக்குள் அழுத்தம் இருக்கும்போது தண்ணீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். மூடி திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும், உள்ளே இருப்பது மொத்தமும் ஒரே சமயத்தில் கொதித்துப் பொங்கும். துண்டு அதைத் தடுக்காது.

இன்னொருவர் உடனே குளிர்ந்த தண்ணீர் ஊற்றச் சொன்னார். அதை மட்டும் உரிமையாளர் கேட்கவில்லை. தகதகவென்று இருக்கும் அலுமினிய ஹெட்டில் பச்சைத் தண்ணீர் பட்டிருந்தால் செலவு வேறு மாதிரி போயிருக்கும். முக்கால் மணி நேரம் காத்திருந்து, எஞ்சின் தொடும் சூட்டுக்கு வந்தபின் மெதுவாக நிரப்பி, இறக்கத்திலேயே திரும்பி வந்தார்கள்.

வாங்குவதற்கு முன் கேட்ட கேள்வி

வீட்டுக்கு வந்த பிறகு ஆளாளுக்கு ஒரு யோசனை. ஒரு பட்டறையில் நான்கு வரிசைக் குழாய்கள் கொண்ட அலுமினிய ரேடியேட்டர் போடச் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் கண்டென்சருக்கு முன்னால் கூடுதல் விசிறி. மகன் அலுமினிய ரேடியேட்டரை ஆன்லைனில் தேர்ந்தெடுத்தே வைத்திருந்தார்.

வண்டி எப்போது சூடாகிறது, எப்போது இறங்குகிறது என்பதை முதலில் எழுதச் சொன்னேன். காரணம் இதுதான். நின்றால் ஏறி, ஓடினால் இறங்கினால், ரேடியேட்டர் வழியாகக் காற்று போதவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். வேகம் பிடித்து ஓடும்போது ஏறினால், தண்ணீர் ஓட்டமோ ரேடியேட்டரின் வெப்பம் கடத்தும் திறனோ போதவில்லை. சுமார் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் எதிர்க்காற்றே பெரும்பாலும் போதும், விசிறிக்கு வேலை அதிகமில்லை. மலையேற்றம் மட்டும் இரண்டையும் சேர்த்துச் சோதிக்கும். இரண்டாவது கியரில் எஞ்சின் முழு வெப்பத்தையும் கக்கும், வண்டி வேகமோ 20-25 கிலோமீட்டர்தான் இருக்கும்.

சோதனைகளில் தெரிந்தவை

முதலில் ஹெட் கேஸ்கெட், அதாவது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு. அது போயிருந்தால் மற்ற வேலை எதற்கும் அர்த்தமில்லை. குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தோம். தொடர்ந்து குமிழி வரவில்லை, புகை வாடையும் இல்லை. நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. மலையில் முக்கால் மணி நேரம் காத்திருந்ததற்குக் கிடைத்த பலன் என்றே இதை நினைக்கிறேன்.

அடுத்து மூடி. உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து, விளிம்பில் வெடித்திருந்தது. சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் முள் சிவப்பைத் தொடாமலே கொதித்த புதிர் இதில்தான் அவிழ்ந்தது. கடல்மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 1,000 மீட்டர் உயரத்தில் சுமார் 97. ஏற்காடு இருக்கும் 1,500 மீட்டர் உயரத்தில் 95 டிகிரியே போதும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் இந்த வரம்பு மேலே போகும். 0.5 பார் (வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய பாதி) கூடுதல் அழுத்தம் நின்றால் அதே உயரத்தில் 108 டிகிரி அளவுக்குப் போகும். பிடிக்காத மூடியோடு மலையேறிய எஞ்சின், சேலத்தில் சாதாரணமாக எட்டும் வெப்பநிலையிலேயே அங்கே கொதித்துவிட்டது.

மூன்றாவது ரேடியேட்டர். அகச்சிவப்பு வெப்பமானியை வைத்து ஒவ்வொரு பகுதியாகப் பார்த்தோம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பளபளக்கும் பித்தளையின் மேல் அந்தக் கருவி குறைத்துக் காட்டும். அதனால் காகித ஒட்டுநாடாவைத் துண்டு துண்டாக ஒட்டி, அதன் மேல் அளந்தோம். நடுவில் சூடு, வலது கீழ்ப் பகுதி மட்டும் கிட்டத்தட்ட 20 டிகிரி குறைவு. அங்கே தண்ணீர் ஓடவே இல்லை என்று அர்த்தம். போர் தண்ணீரின் உப்பு குழாய்களில் படிந்து கெட்டியாகியிருந்தது.

கடைசியாகக் காற்று. இதற்கு ஒரு ஊதுபத்தி போதுமானதாக இருந்தது. எஞ்சினை நின்ற இடத்தில் ஓடவிட்டு, கொளுத்திய ஊதுபத்தியை கிரில்லின் ஓரமாக மெதுவாகக் கொண்டுபோனார் மகன். நடுவில் புகை உள்ளே இழுபட்டது. ரேடியேட்டரின் நான்கு மூலைகளிலும் அசையாமல் நின்றது. இடது பக்கம் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் புகை வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டது. எஞ்சின் அறையின் சூடான காற்று சுற்றி வந்து மறுபடியும் ரேடியேட்டருக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. மூவரும் சிறிது நேரம் அந்தப் புகையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அலுமினிய ரேடியேட்டர் பேச்சு அன்றோடு முடிந்தது.

விசிறிக்கு இந்த வண்டியில் கூண்டு, அதாவது ரேடியேட்டர் முழுவதிலிருந்தும் காற்றை விசிறிக்குத் திருப்பும் உறை, எதுவும் இல்லை. பெல்ட்டில் ஓடும் விசிறி என்பதால், ஐட்லிங்கில் (வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது) எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். காற்று அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் அது குறைவாகத் தரும்.

பெல்ட் இறுக்கம் சரியாக இருந்தது. இக்னிஷன் டைமிங் (சிலிண்டரில் தீப்பொறி விழும் நேரம்) சற்றுப் பின்தங்கியிருந்தது, சரிசெய்தோம். டைமிங் பின்தங்கினால் எரிதல் தாமதமாகி, வெப்பம் அதிகமாகத் தண்ணீருக்குப் போகும்.

தீர்மானங்களும் காரணங்களும்

ரேடியேட்டரின் பழைய மேல்தொட்டியையும் கீழ்த்தொட்டியையும் வைத்துக்கொண்டு, நடுவில் புதிய செம்பு-பித்தளை கோர் (தண்ணீர் ஓடும் குழாய் வரிசைகள் உள்ள பகுதி) போடுவது என்று முடிவு செய்தோம். இருந்தது இரண்டு வரிசைக் கோர், மூன்று வரிசைக்கு இடம் இருந்தது. கடைக்காரர் நான்கு வரிசை போடலாம் என்றார். வேண்டாம் என்றோம். ஒவ்வொரு வரிசை கூடும்போதும் காற்று நுழைவது கடினமாகும், பின்வரிசைக்கு ஏற்கெனவே சூடான காற்றுதான் போய்ச் சேரும். காற்றுப் பற்றாக்குறை உள்ள வண்டியில் கனத்த கோர் போட்டால் அந்தப் பற்றாக்குறை கூடத்தான் செய்யும்.

பெல்ட் விசிறியைக் கழற்றிவிட்டு மின்விசிறி வைத்தோம். மாருதி 800 விசிறியைப் பலரும் இப்படிப் பொருத்துகிறார்கள், மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் முன்னால் கண்டென்சரும் இருப்பதால் அது போதாது என்று பட்டது. சென்னை புதுப்பேட்டையில் ஒரு பெரிய காரின் 12 அங்குல விசிறி கிடைத்தது. மீட்டர் வைத்துப் பார்த்ததில் ஓடும்போது 11 ஆம்பியர் இழுத்தது. தொடங்கும் கணத்தில் அதைப் போலச் சில மடங்கு இழுக்கும். அதனால்தான் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைக்கும் கருவி) இல்லாமல் நேரடியாகச் சுவிட்ச்சில் கொடுக்கக் கூடாது. சுவிட்ச் உருகிவிடும்.

கூண்டு செய்வதுதான் என் பார்வையில் இந்த வேலையின் உயிர். 12 அங்குல விசிறி சுற்றும் வட்டத்தின் பரப்பு சுமார் 730 சதுர சென்டிமீட்டர். இந்த ரேடியேட்டரின் முகம் ஏறக்குறைய 1,500. கூண்டு இல்லாவிட்டால் பாதிக்கும் மேல் பரப்பு சும்மா கிடக்கும். முழு முகத்தையும் மூடி, விசிறிக்கு மட்டும் வட்டத் துளை விட்டால், எல்லா மூலையிலிருந்தும் காற்று வந்தாக வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டோம். இதற்கு உரிமையாளரிடம் கொஞ்சம் பேச வேண்டியிருந்தது. சூடாகிற வண்டிக்குத் தடுப்பு எதற்கு என்பது நியாயமான கேள்விதான். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் காலையில் வெகுநேரம் குளிர்ந்தே ஓடும். பெட்ரோல் கூடும், தேய்மானம் கூடும். சூடான பிறகு நல்ல தெர்மோஸ்டாட் முழுதாகத் திறந்துகொள்ளும், கொதிப்புக்கு அது காரணமாகாது. புதிதாக வாங்கியதைப் பொருத்துவதற்கு முன் அடுப்பில் பாத்திரம் வைத்து, நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சோதித்தோம். 82 டிகிரியில் வாய் திறக்கத் தொடங்கி, 95 நெருங்கும்போது முழுதாகத் திறந்தது. புதியது என்றாலும் இந்தச் சோதனையை விட வேண்டாம்.

அதிக அழுத்தம் பிடிக்கும் மூடியை மகன் கேட்டார். பழைய தொட்டிகளும் ஈயப் பற்றவைப்பும் அதைத் தாங்கும் என்று நம்ப முடியவில்லை. அதனால் 0.5 பார் மூடி. கூடவே, விரிந்து வெளியேறும் கூலன்டைப் பிடித்துக் குளிர்ந்ததும் திரும்பத் தரும் பாட்டில்.

கூலன்டைப் பொறுத்தவரை, நம் சமவெளியில் உறைபனிக் கவலை இல்லை. கூலன்டில் உள்ள கிளைக்கால் கலந்தால் வெப்பத்தைச் சுமக்கும் திறன் வெறும் தண்ணீரைவிடச் சற்றுக் குறையவே செய்யும். ஆனால் துருவையும் உப்புப் படிவையும் தடுக்கும் வேதிப்பொருள் அதோடுதான் வருகிறது. மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், மீதி வாலை வடிநீர் என்று கலந்தோம். செம்பு, பித்தளை, ஈயம் உள்ள அமைப்புக்கு ஏற்ற பழைய வகைப் பச்சைக் கூலன்டையே தேர்ந்தெடுத்தோம்.

வேலை நடந்த விதம்

கோர் மாற்றும் வேலை ரேடியேட்டர் கடையில் நடந்தது. மற்ற எல்லாம் வீட்டுப் போர்ட்டிகோவில். கடையில் கொடுக்கும்போதே, கீழ்த்தொட்டியின் பக்கவாட்டில் மறையுள்ள ஒரு பித்தளைத் துண்டைப் பற்றவைக்கச் சொன்னோம். விசிறியை இயக்கும் வெப்பச் சுவிட்ச் அதில் உட்காரும். மேல்தொட்டியில் வைக்காததற்குக் காரணம் உண்டு. தண்ணீர் குறைந்தால் மேல்தொட்டிச் சுவிட்ச் வெறும் காற்றில் நிற்கும், சூடு தெரியாது, விசிறி மிகவும் தேவைப்படும் நேரத்தில் ஓடாது. கீழே வருவது குளிர்ந்த தண்ணீர் என்பதால் அதற்கேற்ப 88 டிகிரியில் ஓடத் தொடங்கி 83-இல் நிற்கும் சுவிட்ச்சை எடுத்தோம்.

பிளாக்கையும் ஹெட்டையும் கழுவியபோது வந்த தண்ணீர் செங்கல் பொடி கரைத்த மாதிரி இருந்தது. தெளிவாகும்வரை இரு திசையிலும் குழாயால் கழுவினார்கள்.

கூண்டை 1 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் மகன் செய்தார். முதலில் அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்து, பிறகு தகடு. இறக்கை நுனிக்கும் வளையத்துக்கும் இடையில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று கூண்டில் முட்டி நிற்கக் கூடாது என்று, மூலைகளில் துளை விட்டு மேலே ரப்பர் மடல் தொங்கவிட்டார். வேகத்தில் காற்று அதைத் தள்ளித் திறக்கும், நிற்கும்போது விசிறியின் உறிஞ்சல் அதை மூடும். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருந்த ஓரங்களை ஃபோம் பட்டையால் அடைத்தோம்.

பெல்ட் விசிறியைக் கழற்றும்போது கவனிக்க ஒன்று உண்டு. வாட்டர் பம்ப் புல்லியைப் பிடிப்பதும் அதே போல்ட்டுகள்தான். விசிறியின் தடிமன் போனதும் பழைய போல்ட் நீளம் கூடுதலாகிவிடும். சரியான நீளத்தில் மாற்ற வேண்டும்.

மின்வேலை: பேட்டரியிலிருந்து 30 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 4 சதுர மில்லிமீட்டர் கம்பி, ரிலே, விசிறி. ரிலேயை இயக்கும் கம்பியைச் சாவிக்குப் பின்னால் எடுத்தோம். நேராகப் பேட்டரியில் கொடுத்தால் வண்டி நின்ற பிறகும் விசிறி ஓடிக் குளிர்விக்கும், அது நல்லதுதான். ஆனால் பானட்டுக்குள் கை வைத்திருக்கும்போது திடீரென்று சுற்றும். ஏற்கெனவே ஒரு கை வெந்த வீடு. சாவிக்குப் பின்னால் என்பதில் இருவரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். ஏசி போட்டால் விசிறியும் ஓடும்படி, ஏசி கம்ப்ரஸரை இயக்கும் கிளட்ச்சின் கம்பியிலிருந்து இன்னொரு ரிலே. வெப்பச் சுவிட்ச் பழுதானால் டாஷ்போர்டிலிருந்தே இயக்க ஒரு சுவிட்ச், பக்கத்தில் சிறு விளக்கு. விளக்கு எரிந்தால் மின்சாரம் போகிறது என்றுதான் அர்த்தம், விசிறி சுற்றுகிறது என்ற உத்தரவாதம் இல்லை. அதைத் தாளில் எழுதி கையுறைப் பெட்டியில் வைத்தார் மகன்.

முதல் ஓட்டமும் வெளிவந்த இன்னொரு கோளாறும்

போர்ட்டிகோ நிழலில் 36 டிகிரி. ஏசி போட்டு நின்ற இடத்திலேயே ஓடவிட்டோம். வேலைக்கு முன்பு இதே நிலையில் 100-ஐத் தாண்டியும் ஏறிக்கொண்டே இருந்தது. இப்போது 90-க்கும் 94-க்கும் நடுவில் நின்றுவிட்டது. ஊதுபத்தியை நான்கு மூலைக்கும் கொண்டுபோனோம், எல்லா இடத்திலும் புகை உள்ளே போனது. ஐந்து ரோடு நெரிசலிலும் முள் அசையவில்லை.

மலையில் மட்டும் சரியாகவில்லை. வளைவுகள் ஏற ஏறச் சூடும் ஏறி 103 டிகிரி வந்தது. புதிய மூடி பிடித்ததால் கொதிக்கவில்லை. விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, கோர் புதிது. வண்டியை ஓரம் கட்டி ஐட்லிங்கில் விட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் இறங்கிவிடும். மறுபடி ஏற்றத்தில் ஏறும். முன்பு நின்றால் ஏறிய வண்டி, இப்போது நின்றால் இறங்குகிறது. அப்படியென்றால் காற்றுக் கணக்கு தீர்ந்துவிட்டது, தண்ணீர்ப் பக்கம் பார்க்க வேண்டும்.

அந்த இடத்திலேயே பானட்டைத் திறந்து வைத்து, மகனை ஆக்ஸிலரேட்டரை மெதுவாக மிதிக்கச் சொன்னேன். எஞ்சின் வேகம் கூடக் கூட, கீழ் ஹோஸ் உறிஞ்சிய பையைப் போல நடுவில் ஒட்டிச் சப்பையாகிவிட்டது. காலை எடுத்ததும் பழையபடி உருண்டது. ரேடியேட்டரிலிருந்து பம்ப் தண்ணீரை இழுப்பது இந்த ஹோஸ் வழியாகத்தான். அதிக வேகத்தில் பம்ப் இழுக்கும் இழுப்புக்கு, சூட்டில் இளகிய ரப்பர் தாக்குப்பிடிக்கவில்லை. இந்த வேலைக்காகவே உள்ளூரில் வாங்கிய புது ஹோஸ் அது. உள்ளே ஸ்பிரிங்கும் இல்லை, சுவரில் நூல் வலையும் இல்லை. வீட்டில் குளிர்ந்திருந்தபோது கெட்டியாகவே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஹோஸ் ஒட்டுவதற்கு அடைபட்ட ரேடியேட்டரோ, குளிரும்போது திரவத்தைத் திரும்ப உள்ளே விடும், மூடியின் வெற்றிட வால்வோகூடக் காரணமாகலாம். இரண்டையும் பார்த்தோம், நன்றாகவே இருந்தன.

ஏசியை நிறுத்தி, மெதுவாக இறங்கி வந்தோம். வலை பின்னிய தடித்த ஹோஸ் வாங்கி, உள்ளே துருப்பிடிக்காத எஃகுச் சுருளும் வைத்துப் பொருத்தினார்கள்.

முடிவு

அடுத்த மலையேற்றத்தில் ஏசியோடு, நான்கு பேரோடு, மேலே போய்ச் சேரும்வரை அதிகபட்சம் 97 டிகிரி. அம்மாவும் வந்திருந்தார். அதற்குப் பின் வந்த கோடை முழுவதும் பாட்டிலில் கூலன்ட் கோடு இறங்கவில்லை. காலையில் சோக் இழுத்து வைக்கும் நேரம் குறைந்திருக்கிறது. அது தெர்மோஸ்டாட்டின் பலன்.

இரவில் முகப்பு விளக்கு, ஏசி, விசிறி மூன்றும் சேர்ந்து ஓடும்போது ஐட்லிங்கில் பேட்டரி மின்னழுத்தம் 12.4 வோல்ட்டுக்கு இறங்கியது. எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டர் ஈடுகட்டவில்லை. ஏசி ஓடும்போது ஐட்லிங்கைச் சற்று உயர்த்தியதில் 13-ஐத் தாண்டியது. போதும், ஆனால் வசதியான அளவு என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த முறை மாற வேண்டியவை

ஹோஸ்களைச் சூடான எஞ்சினில், நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில், கண்ணால் பார்த்த பிறகே மலைக்குப் புறப்பட வேண்டும். வீட்டு வாசலில் செய்யக்கூடிய சோதனை இது. எஞ்சின் ஓடும்போது சட்டை நுனியும் கையும் பெல்ட், விசிறிப் பக்கம் போகாமல் தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

ஃபோம் பட்டை மழையில் ஊறி ஒரு பருவத்திலேயே உதிரத் தொடங்கியது. இப்போது கதவுக்குப் போடும் ரப்பர் பீடிங் போட்டிருக்கிறார்கள். முதலிலேயே அதைப் போட்டிருக்கலாம்.

ஆல்டர்நேட்டரின் திறனை விசிறி வாங்கும் முன்பே கணக்குப் போட வேண்டும். ஆல்டர்நேட்டருக்குப் பதில் பழைய வகை டைனமோ உள்ள வண்டியாக இருந்தால் இந்த விசிறியைப் பரிந்துரைத்திருக்கவே மாட்டேன்.

மாற்றும்போது வடியும் கூலன்டைச் சாக்கடையிலோ தெருவிலோ விடக் கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், விஷம். தெருநாய்கள் நக்கும், குழந்தைகள் தொடும். பழைய கூலன்டை இவர்கள் மூடியுள்ள கேனில் பிடித்து, கழிவு எண்ணெய் எடுக்கும் பட்டறையில் கேட்டுக் கொடுத்தார்கள். மீதமிருந்த புதுக் கூலன்ட் பெயர் எழுதிய கேனில், மேல் அலமாரியில், பூட்டுக்குள் இருக்கிறது.